விழுந்தவன்தான் தூக்கணும்

வாங்க, கேட்டைத் தள்ளுங்க, பூட்டவில்லை. சங்ககிரியிலிருந்து பஸ்ஸிலேயே வந்தீங்களா? ஹெல்மெட்டைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் வருகிற ஆள் வண்டியை எடுத்துக்கொண்டு போகிற முடிவோடுதான் வருவார். சந்தோஷம். ஆனால் நான் இன்னும் முடிவு செய்யவில்லைங்க. விலை போனிலேயே பேசியாகிவிட்டது, அதில் ஒரு மாற்றமும் இல்லை. விலை வேறு. யார் கையில் கொடுக்கிறோம் என்பது வேறு.

உறையை நானே எடுக்கிறேன். நீங்க இழுத்தால் முடிச்சு இறுகிவிடும். இது கடையில் வாங்கிய உறை இல்லைங்க. ரசாக் தைத்தது. லாரிக்குத் தார்ப்பாய் தைக்கிறவன், இங்கே குமாரபாளையத்திலேயே பழைய பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் கடை. ஆளை நிறுத்திச் சட்டைக்கு அளவெடுக்கிற மாதிரி வண்டியை நிறுத்தி அளவெடுத்துத் தைத்தான். நல்ல கை. கையைப் பற்றி நான் குறை சொல்ல மாட்டேன். ஆளைப் பற்றித்தான்.

மீட்டரைப் பாருங்க. நாலு வருஷ வண்டி, நானூற்றுப் பன்னிரண்டு கிலோமீட்டர். கை வைத்துத் திருத்தினது என்று நினைப்பீங்க. நினைக்கத்தான் தோன்றும். டயரில் விரலை வைத்துப் பாருங்க. அந்த ரப்பர் முள் எல்லாம் அப்படியே இருக்கிறதா? போனில் கேட்டீங்களே, இவ்வளவு பெரிய வண்டியை வாங்கி ஏன் ஓட்டவில்லை என்று. நேரில் வாங்க சொல்கிறேன் என்றேன். அந்த ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்காருங்க. வளர்மதி, ரெண்டு டீ.

நான் பாய்லர் ஆபரேட்டர். இங்கே ஒரு சாயப்பட்டறையில் இருபத்திரண்டு வருஷமாக ராத்திரி ஷிப்ட். தண்ணீர் மட்டம், பிரஷர், சூடு, மூன்றையும் மணிக்கு ஒரு தடவை லாக் புக்கில் எழுத வேண்டும். காலையில் ஷிப்ட் மாற்றும்போது வருகிற ஆள் ஒவ்வொரு வால்வையும் கையால் தொட்டுப் பார்த்த பிறகுதான் நான் கையெழுத்துப் போடுவேன். "பார்த்துட்டேண்ணா, எல்லாம் சரியா இருக்கு" என்று வாயால் சொன்னால் போட மாட்டேன். கண் பொய் சொல்லும்ங்க. கை சொல்லாது. இருபத்திரண்டு வருஷத்தில் என் ஷிப்டில் ஒரு கீறல் கிடையாது. இதைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

நாங்கள் நாலு பேர். நான், ரசாக், மாதேசு, குணசீலன். மாதேசு மோட்டார் காயில் கட்டுகிற கடை வைத்திருக்கிறான். குணசீலன் ரேஷன் கடையில் எடை போடுகிறவன். நாலு பேருக்கும் நாற்பத்தெட்டு, ஐம்பது. பத்தாவது வரைக்கும் ஒரே பெஞ்சு. ஞாயிற்றுக்கிழமை காலையில் மாதேசு கடையில் கூடுவோம். எரிந்துபோன மோட்டார்களுக்கு நடுவில் உட்கார்ந்து டீ குடிப்பதுதான் எங்கள் பொழுதுபோக்கு.

மலைக்குப் போகிற பேச்சை எடுத்தவன் குணாதான். அவன் மூன்று வருஷம் பர்கூர் மலையில் ரேஷன் கடையில் இருந்தவன். மண் பாதையில் பைக்கிலேயே ஏறி இறங்கி அரிசி கொடுத்தவன். எப்போது பேசினாலும் அங்கேதான் போய் நிற்பான்.

"கொங்காடைக்கு அந்தப் பக்கம் ஒரு பள்ளம் இருக்குதுடா. கோடை மழை பேஞ்சு நாலு நாள் கழிச்சுப் போனா முழங்கால் தண்ணி. வண்டியை இறக்கினா எஞ்சின் சூட்டுக்குப் புஸ்ஸுன்னு ஆவி கிளம்பும். உங்க மூணு பேரையும் ஒரு தடவை அதுல இறக்கிப் பாக்கோணும். அது போதும் எனக்கு."

"அது போதுமா? ரிட்டையர்மெண்டுக்கு வேற எதுவும் வேண்டாமா?" என்பான் மாதேசு.

"வேண்டாம் போ."

சரி போகலாம் என்று ஆளுக்கு ஒரு வண்டி எடுத்தோம். அவர்கள் மூன்று பேரும் பழசு வாங்கினார்கள். நான் புதுசு எடுத்தேன். நாலு நாள் பயணம். கடம்பூர் ஏறி இறங்கி, அந்தியூர் வழியாகப் பர்கூர். தார் ரோட்டில் பாதி, மண்ணிலும் கல்லிலும் பாதி. அவர்கள் அன்றைக்கே, அடுத்த வெள்ளிக்கிழமை கிளம்பிவிடலாம் என்றார்கள். என்னவோ ஈரோட்டுக்குச் சினிமா பார்க்கப் போகிற மாதிரி.

நான் சொன்னேன், நாலு பேர் உயிரோடு திரும்பி வர வேண்டும், திட்டம் வேண்டாமா? "சரி, நீயே போடு" என்றார்கள். அந்த வார்த்தையை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்க. நானாகப் போய் எடுத்துக்கொள்ளவில்லை. நீயே போடு என்று அவர்கள்தான் சொன்னார்கள்.

போட்டேன். மூன்று வருஷம் போட்டேன்.

சிரிக்கிறீங்க. அவர்களும் சிரித்தார்கள். முதல் வருஷம் மழை கூடுதல், பாதை அரித்திருக்கும் என்று தள்ளி வைத்தேன். அடுத்த வருஷம் மழையே இல்லை, காய்ந்த புல், தீப்பிடிக்கிற காலம். மூன்றாவது வருஷம் வரைபடம் சரியாக இல்லை. குணா சொல்கிற வழி செயற்கைக்கோள் படத்தில் தெரியவே இல்லைங்க. நான் பகலெல்லாம் தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு போனைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் பச்சை. கேட்டால் சொல்கிறான், "மரத்துக்கு அடியில போற பாதைடா, மேல இருந்து பார்த்தா எப்படித் தெரியும்? மூணு வருஷம் நான் போயிருக்கேன்." நான் சொன்னேன், "போயிருக்கேன்னு நீ சொல்றே. படத்துல இல்லை."  

நோட்டைக் காட்டட்டுமா? இதோ. முப்பத்தோரு விதி. வாட்ஸாப்பில் குரூப் வைத்திருந்தோம், "மலைக்குப் போறோம்" என்று மாதேசு பேர் வைத்திருந்தான். நான் அதை "பர்கூர் பயணம் - ஒழுங்குமுறைகள்" என்று மாற்றினேன். தினம் ஒரு விதி போடுவேன். முதலில் கட்டை விரல் காட்டினார்கள். அப்புறம் காட்டுவதையும் நிறுத்திவிட்டார்கள். விசில் விதி பாருங்க, ஐந்தாவது. ஒரு விசில் என்றால் நில், இரண்டு என்றால் மெதுவாக வா, மூன்று என்றால் ஆபத்து. ஆளுக்கு ஒரு விசில் வாங்கிக் கொடுத்தேன். மாதேசு அதை எதற்கு உபயோகித்தான் தெரியுமா? கடைக்கு எதிரே டீக்கடைக்காரரைக் கூப்பிட. மூன்று விசில் அடித்தால் மூன்று டீ வரும்.

பதினேழாவதைப் படிங்க. கூடாரத்தில் ராத்திரிக் காவல். காவல் முழுக்க என் பேரில்தான் போட்டிருக்கிறேன், பார்த்தீங்களா. பதினோரு மணியிலிருந்து விடிகிற வரைக்கும். யாருக்கும் சிரமம் வைக்கவில்லை. இருபத்திரண்டு வருஷமாக எனக்கு ராத்திரியில் கண் மூடாதுங்க. லீவு நாளில்கூட மூடாது. வீட்டிலே எல்லோரும் தூங்கிக்கொண்டிருப்பார்கள், நான் மட்டும் கூடத்தில் உட்கார்ந்து ஃபேன் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பேன். எப்படியும் விழித்துக்கொண்டுதான் இருக்கப்போகிறேன், அதைக் காவல் என்று எழுதினால் ஒரு மரியாதையாவது இருக்கும் இல்லையா. அதற்கு ரசாக், "அப்ப பகல்ல வண்டி ஓட்டறப்போ தூங்குவியா நல்லு?" என்றான். எனக்கு அது பிடிக்கவில்லை. ஒரு மனிதன் தனக்கென்று ஒரு சிரமத்தை எடுத்துக்கொண்டால் அதில் கேலி என்ன வேண்டியிருக்கிறது?

டீயை எடுத்துக்கங்க. சர்க்கரை என் வீட்டுக்காரி கம்மியாகத்தான் போடுவாள்.

இப்போது இருபத்து நாலாவது விதி. அதுதான் விஷயம். "விழுந்தவன்தான் தூக்கணும்." மண் பாதையில் வண்டி விழாமல் இருக்காதுங்க. விழுவது தப்பில்லை. இருநூறு கிலோ வண்டி, மேலே மூட்டை வேறு. விழுந்தால் தனியாகத் தூக்கி நிறுத்தத் தெரிந்தவன்தான் மலைக்கு வரலாம். ஒரு தடவை தூக்கினால் அது வீம்பில் தூக்கினது. மூன்று தடவை தூக்க வேண்டும். அதுதான் தேர்வு.

இந்த மாசியில், காவிரியில் தண்ணீர் விடாத நாளில், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை நாலு வண்டியையும் ஆற்று மணலில் இறக்கினோம். முறையைச் சொல்லிக் கொடுத்தேன். குனிந்து கையால் இழுத்தால் முதுகு போய்விடும். எஞ்சினை நிறுத்தி, கியரில் போட்டு, சைடு ஸ்டேண்டை முதலிலேயே விரித்துக்கொண்டு, வலது பக்கமாகச் சாய்த்துப் படுக்கப்போட வேண்டும். அப்புறம் வண்டிக்கு முதுகைக் காட்டித் திரும்பி, சீட்டில் இடுப்பை முட்டுக் கொடுத்துக் குந்த வேண்டும். ஒரு கை ஹேண்டிலில், ஒரு கை பின்னால் கம்பியில். காலால் தரையை உதைத்து, பின்பக்கமாகவே அடி எடுத்து வைக்க வேண்டும். வண்டி தானாக எழுந்து வரும். ஒல்லியாக ஒரு பொம்பளப்பிள்ளை இந்த மாதிரி தூக்குகிறதை வீடியோவில் நூறு தடவை பார்த்திருக்கிறேன்.

மாதேசு மூன்று தடவையும் தூக்கினான். மோட்டாரைத் தூக்கித் தூக்கி உரமேறின உடம்பு. ரசாக் மூன்றாவது தடவை "யா அல்லா" என்று ஒரு சத்தம் போட்டான், தூக்கிவிட்டான். குணா முதல் தடவை தூக்கினான். இரண்டாவது தடவை பாதி வந்து சறுக்கி, மறுபடி தூக்கினான். மூன்றாவது தடவை வண்டி ஒரு சாண் எழுந்தது. அப்புறம் முட்டி மடங்கி அப்படியே மணலில் உட்கார்ந்துவிட்டான். மூட்டை தூக்கியே தோள் போனவன். வண்டி மேலேயே சாய்ந்துகொண்டு சிரிக்கிறான்.

"போதும்டா நல்லு. மலையில விழுந்தா நீங்க மூணு பேரு இருக்கீங்கல்ல."

"நாங்க மூணு பேரும் விழுந்து கெடந்தா?"

"அப்ப நாலு பேரும் மல்லாக்கப் படுத்துட்டு வானத்தைப் பாக்கலாம்."

அந்த இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. ஒருத்தனாவது சிரிக்காமல் இருக்க வேண்டுமில்லையா. நோட்டை எடுத்து அவன் பேருக்கு நேரே "தேறவில்லை" என்று எழுதினேன். இதோ, இங்கே.

குணா எழுந்து வந்து நோட்டை எட்டிப் பார்த்தான்.  "சரி, உன்ற வண்டியைச் சாய்ச்சுக் காட்டு, பாக்கலாம்" என்றான்.

"நான் கடிகாரம் பிடிச்சுட்டு இருக்கேன்ல" என்றேன்.

"கடிகாரத்தை நான் பிடிக்கறேன்."

"தேர்வு வைக்கிறவனுக்கே தேர்வு வைப்பாங்களா எங்கயாவது?"

நியாயம்தானே? பாய்லர் இன்ஸ்பெக்டர் வருகிறார், அவரை உள்ளே இறங்கி அழுக்கெடுத்துக் காட்டு என்று யாராவது கேட்பார்களா? குணா கால்சட்டையில் ஒட்டியிருந்த மணலைத் தட்டினான். அவன் வண்டியை மாதேசும் ரசாக்கும் ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்து நிறுத்திக் கொடுத்தார்கள். விதியை என் கண் முன்னாலேயே மீறினார்கள் என்று அன்றைக்கே எழுதி வைத்தேன்.

பேர் வரிசையில் என் பேருக்கு நேரே காலியாக இருக்கிறதே என்கிறீங்களா? காலியாகத்தான் இருக்கும். அதற்கு அவசியம் வரவில்லை.

குணா இல்லாமல் மூன்று பேர் போகலாம் என்று சொன்னேன். எனக்கு மட்டும் கஷ்டமாக இல்லை என்றா நினைக்கிறீங்க? எனக்குக் கியர் வண்டி ஓட்டப் பழக்கிவிட்டவனே அவன்தான். பத்தொன்பது வயதில், அவங்க சித்தப்பா வண்டியை எடுத்து வந்து, மார்க்கெட் மைதானத்தில், என் பின்னால் உட்கார்ந்து. மூன்று நாளில் பதினாறு தடவை வண்டியைக் கீழே போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவன்தான் தூக்கி நிறுத்தினான். அது வேறுங்க. அது ஊருக்குள்ளே. மலை வேறு.

அப்புறம் குரூப் ஊமையாகிவிட்டது. நான் முப்பதாவது விதி போட்டேன், முப்பத்தொன்று போட்டேன். படித்ததற்கு நீலக் குறி மட்டும் வரும்.

வைகாசியில் நல்ல மழை. ஒருநாள் சாயந்திரம் நான் ஷிப்டுக்குக் கிளம்புகிற நேரத்துக்கு மாதேசு வந்தான். நீங்க உட்கார்ந்திருக்கிற அதே ஸ்டூல். "வெள்ளிக்கிழமை காலைல கிளம்பறோம். குணாவும் வர்றான். நீயும் வாடா. நோட்டு மட்டும் வேண்டாம்."

"ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு?" என்றேன்.

"ஆளுக்குக் கொஞ்சம்" என்றான்.

ஆளுக்குக் கொஞ்சம். நம்ம பாய்லர் வெடித்தால் ஆளுக்குக் கொஞ்சம் சாக முடியுமா? நான் வரவில்லை என்று சொல்லவில்லை. வருகிறேன் என்றும் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் பட்டறையில் நாலு நாள் லீவு எழுதிக் கொடுத்தேன். சும்மா, ஒரு பாதுகாப்புக்கு. டயரில் காற்று பார்த்தேன். சங்கிலிக்கு எண்ணெய் விட்டேன். என் பையில் ஒரு கொக்கி தளர்ந்திருந்தது, ரசாக் கடையில் கொடுத்து வைத்தேன். நாலு பேருக்கும் ஒரே மாதிரி தார்ப்பாய்ப் பை தைத்திருந்தான் அவன், சீட்டின் பின்னால் கட்டுவதற்கு. என் பையில் சிவப்பு நூலில் "நல்லு" என்று போட்டிருப்பான். நல்லசிவம் என்று போடு என்றேன். துணி போதவில்லை என்றான். பொய்.

வெள்ளிக்கிழமை. அதைக் கேளுங்க. அதைக் கேட்டுவிட்டு நீங்களே சொல்லுங்க.

ஆறு மணிக்கு ஷிப்ட் முடிந்து ஆறரைக்கு வீட்டுக்கு வந்தேன். மழை எப்படி இருக்கிறது என்று பார்க்க மாடி ஏறினேன். அந்த நேரம் பார்த்து மூன்று வண்டியும் வந்து இந்த கேட்டுக்கு வெளியே நின்றது. ஹாரன் அடித்தார்கள். ரசாக் அண்ணாந்து பார்த்து, "நல்லு, இறங்கி வா" என்றான். நான் தண்ணீர் டேங்குக்குப் பின்னால் நின்றிருந்தேன். அங்கே நின்றால்தான் வடக்குப் பக்க மேகம் தெரியும். நீங்க வேண்டுமானால் மேலே போய்ப் பாருங்க.

மேகம் பார்க்க நேரம் ஆகுமில்லையா. அவர்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். வளர்மதி என்ன செய்தாள் தெரியுமா, டீ போட்டு எடுத்துக்கொண்டு போய் வெளியே கொடுத்தாள். மூன்று பேருக்கும். அப்புறம் மாடிக்கு வந்து, "லீவு போட்டிருக்கீங்க, வண்டியைத் தொடச்சு வெச்சிருக்கீங்க. இறங்கிப் போங்க" என்றாள். அவளுக்கு விதியைப் பற்றி என்ன தெரியும்.

அப்புறம் குணா ஏறி வந்தான். மாடிக் கதவுக்கு இந்தப் பக்கம் அவன், டேங்குக்கு அந்தப் பக்கம் நான். ஹெல்மெட்டைக் கழற்றாமலே பேசினான்.

"வண்டியை எடுக்க வேண்டாம்டா. என்ற பின்னாடி உக்காந்துக்கோ. அது போதும்."

நான் என்ன சொல்வேன்? "பின்னால ஆள் ஏத்தக் கூடாது. பதினோராவது விதி" என்றேன்.

 ஹெல்மெட்டுக்குள்ளே முகம் தெரியவில்லை. பிறகு படியிறங்கிப் போகிற சத்தம் கேட்டது. ஏழே முக்காலுக்குக் கிளம்பினார்கள். நான் நேரம் குறித்து வைத்திருக்கிறேன். போய்ட்டு வர்றோம் என்று என்னிடம் ஒரு வார்த்தை? கிடையாது. வளர்மதியிடம் சொன்னார்களாம். முப்பத்தைந்து வருஷப் பழக்கம், மூன்று வருஷ உழைப்பு, என்னை ஒற்றை ஆளாக மாடியில் விட்டுவிட்டுப் போய்விட்டார்கள். இதற்கு என்ன பேர்?

 

ரெண்டாம் நாள் படம் வந்தது. இருங்க, காட்டுகிறேன். அழிக்கலாம் என்று பார்த்தேன், எப்படி அழிப்பது என்று தெரியவில்லை. இதுதான் அவன் சொன்ன பள்ளம், மலைக்காரர் யாரோ எடுத்துக் கொடுத்திருக்கிறார். நடுத் தண்ணீரில் விழுந்து கிடப்பது குணா வண்டி. விழுமென்று நான் மாசியிலேயே எழுதினேன். மூன்று பேரும் சேர்ந்து தூக்குகிறார்கள், பாருங்க. வாயைப் பாருங்க, மூன்று வாயும் காது வரைக்கும். ஒருத்தன் கையிலும் கையுறை இல்லை. ஒன்பதாவது விதி. படத்தைப் பெரிதாக்குங்க. இன்னும். குணாவின் சீட்டுக்குப் பின்னால் என்ன கட்டியிருக்கிறது? சிவப்பு நூல் தெரிகிறதா? என் பை. கொக்கி தைக்கக் கொடுத்த பை. ஆள் உட்காருகிற இடத்தில் வைத்து, இரண்டு கயிறு போட்டுக் கட்டி, மலை முழுக்கக் கொண்டுபோயிருக்கிறான். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. அடுத்தவன் சாமானைக் கேட்காமல் எடுத்துப் போகிறதற்கு நம்ம ஊரில் என்ன சொல்வோம்?

திரும்பி வந்ததும் பையை இந்த கேட்டில் மாட்டிவிட்டுப் போயிருந்தார்கள். பகல் பதினொன்று, நான் தூங்குகிற நேரம். தெரிந்துதான் வந்திருப்பார்கள். அதோ, ஆணியில் தொங்குகிறதே, அதுதான். உள்ளே ஏதோ கனமாக இருக்கிறது. வெளியிலிருந்து அழுத்திப் பார்த்தேன், பாட்டில் மாதிரி இருந்தது, தேனாக இருக்கலாம். கல் மாதிரியும் ஏதோ உருள்கிறது. ரெண்டு மாசம் ஆகிறது, இன்னும் பிரிக்கவில்லை. எனக்கு எதற்கு? குரூப்பை விட்டு வெளியே வந்தேன், மாதேசு மறுபடி சேர்த்தான். மறுபடி வெளியே வந்தேன். ஆடி பிறந்ததும் வண்டியைப் படம் எடுத்து விற்பனைக்குப் போட்டேன். வண்டி, உறை, விசில், கையுறை, அந்தப் பை, எல்லாம் சேர்த்துத்தான் கொடுக்கிறேன். ஒன்றும் இங்கே மிச்சம் இருக்கக் கூடாது.

ஆனால் ஒன்று. சும்மா கொடுக்க மாட்டேன். அதற்குத்தான் இவ்வளவும் சொன்னேன். நீங்களும் நண்பர்களோடு மலைக்குப் போகத்தான் கேட்கிறதாகச் சொன்னீங்க. இருபத்து நாலாவது விதி. இங்கேயே, இந்த இடத்திலேயே, மூன்று தடவை தூக்கிக் காட்டினால் சாவியை வாங்கிக்கொண்டு போகலாம். நான் கடிகாரம் பிடிக்கிறேன்.

என்ன? நான் ஒரு தடவை செய்து காட்ட வேண்டுமா?

இல்லைங்க, முறையைத்தான் வாயால் சொல்லிவிட்டேனே. பார்த்தால்தான் புரியும் என்கிறீங்க. அதுவும் சரிதான். வாங்கப் போகிறவர் கேட்கிறீங்க. சரி, தள்ளி நில்லுங்க. டபுள் ஸ்டேண்டை எடுத்தாச்சு. கியரில் போட்டாச்சு. சைடு ஸ்டேண்ட் விரித்தாச்சு. இப்போது வலது பக்கம் மெதுவாக, மெதுவாக. இது ஒரு அளவுக்கு மேல் சாய்ந்தால் நம்ம கையில் நிற்காது. இதோ படுத்துவிட்டது. கண்ணாடி போகவில்லை. நல்லவேளை.

இப்படி முதுகைக் காட்டி. இடுப்பை இங்கே முட்டுக் கொடுத்து. இந்தக் கை இங்கே. இப்போது காலால்.

இருங்க.

செருப்பு வழுக்குகிறது. கழற்றிவிடுகிறேன். இது சிமெண்டுத் தரைங்க. மணலில் கால் ஊன்றும், பிடிப்பு கிடைக்கும். இதில் கிடைக்காது. மறுபடி. காலால். காலால்தான்.

தொடாதீங்க. பக்கத்தில் வராதீங்க. விழுந்தவன்தான் தூக்கணும். நான்தானே போட்டேன்.

எழுந்தது, பார்த்தீங்க இல்லையா. ஒரு சாண் எழுந்தது. மூச்சு வாங்கிக்கொள்கிறேன், ஒரு நிமிஷம் ஓய்வு உண்டு விதியில். ராத்திரி முழுக்க நின்ற கால். காலையில் வந்து தூங்காமல் உங்களுக்காகக் காத்திருந்தேன். வேறு ஒன்றுமில்லை. வளர்மதி, நீ உள்ளே போ. இங்கே ஒன்றுமில்லை. போ என்கிறேன்.

போக மாட்டாள். நிற்கட்டும்.

மூன்றாவது தடவை.

இந்த முட்டி வராதுங்க. இப்படியே கொஞ்சம் உட்கார்ந்துகொள்கிறேன். வண்டி மேல் சாய்ந்தால் ஒன்றும் ஆகாது, சூடு இல்லை. ஓடின வண்டியாக இருந்தால்தானே சூடு.

என்ன வாசனை? பெட்ரோலா? ஆமாம், டேங்க் மூடியிலிருந்து ஒழுகுகிறது. படுக்கப் போட்டு இவ்வளவு நேரம் வைக்கக் கூடாது. அது விதியிலேயே இல்லை. எழுத விட்டுப்போயிற்று.

சரி, வாங்க. அந்த ஹேண்டில் பக்கம் பிடிங்க. நான் பின்னால் கம்பியைப் பிடிக்கிறேன். கையால் இழுக்காதீங்க, காலால். ரெண்டு பேரும் ஒரே நேரத்தில். நான் சொல்லும்போது. ஒன்று, ரெண்டு.

நின்றுவிட்டது.

இவ்வளவுதானா இதன் கனம்?

இல்லை, ஒன்றுமில்லை, வியர்வை. டேங்கைத் துடைத்துத் தருகிறேன். சாவி அதிலேயே இருக்கிறது. நீங்க தூக்கிக் காட்ட வேண்டாம், கிளம்புங்க. வெயில் ஏறுகிறது. உறையை மடித்துக் கட்டிக்கங்க. என் விசில் அந்த டப்பாவில் இருக்கிறது, எடுத்துக்கங்க, டீ சொல்லவாவது ஆகும்.

அது வேண்டாம். அதை ஆணியிலிருந்து எடுக்காதீங்க. சொன்னேன்தான், எல்லாம் சேர்த்து என்று சொன்னேன்தான். பை மட்டும் இருக்கட்டும்.